இளமகளிர் தொண்டும் நாட்டார் செய்யும் சிறப்பும்

அருஞ்செயல் ஆற்றினாரைச் சிறப்பித்தல் எந்நாட்டார்க்கும் பொதுவாகிய வழக்கம். வீரனுக்குக் கல் நட்டனர். புலவனுக்குப் பரிசில் ஈந்தனர். வள்ளலைப் பாட்டில் வைத்துப் போற்றினர். ஆயின், இச்சிறப்புக்களைப் பெற்றோரை ஒவ்வொருவராக எண்ணிப் பார்ப்பின், அவருள் மிகப் பலர் ஆடவர். அவருள்ளும் ஆண்டில் முதிர்ந்தோரே பலர். பள்ளியிற் பயிலும் இளமகள் ஒருத்தி தன் ஊரார்க்கு வழிகாட்டுதல் கூடும் என்பதும், அங்ஙனம் வழிகாட்டியவளை நாடு போற்றுதல் கடன் என்பதும் அண்மைக் காலத்தே வலுப்பெற்ற எண்ணங்களாம். அவ்வெண்ணம் செயலுருப் பெற்றவாற்றையும், அதன்கண் நேர்ந்த இடர்ப்பாடுகளையும் அமெரிக்க நாட்டு வரலாற்றில் வைத்து ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இளமகளிரைச் சிறப்பித்தற்கென்றே அந்நாட்டில் ஓர் ஒழுங்கான நெறியுண்டு. ஜூலியட் கார்டன் லோ என்னும் அம்மையார் 1912ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்துச் சவான்னா நகரிலே பதினெண்மர் சிறுமியரைக் கூட்டிச் சாரணியர் இயக்கத்தைத் தொடங்கினார். அவ்வியக்கத்தின் உயர்ந்த விருது 1916 முதலாகப் பல பெயர்களோடு வழங்கி வந்தது. தொடக்கத்தில், பல கலைகளிலும் தொழில்களிலும் தேர்ச்சி பெற்றுப் பதக்கங்கள் பல சேர்த்தவளே அதற்குரியவள் எனக் கொள்ளப்பட்டாள். 1980ஆம் ஆண்டு முதல் பொன் விருது என வழங்கும் இக்காலத்து விருதுக்கோ அத்தேர்ச்சி மட்டும் போதாது. ஊரிலுள்ள ஒரு குறையைத் தானே கண்டறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, துணைவரைச் சேர்த்துத் திட்டம் வகுத்து, தான் விலகிய பின்னரும் நின்று பயன்தரும் ஒரு பணியை அவள் செய்து முடித்தல் வேண்டும். அதற்கு எண்பது மணி நேரமேனும் உழைத்தல் தகும் என வழிகாட்டியுள்ளனர். இம்மாற்றம் சிறிதன்று. முன்னது, இப்பெண் யாது கற்றாள் என வினவிற்று. பின்னது, இவளால் ஊர் யாது பெற்றது என வினவுகின்றது. பின்னதே தொண்டுக்கு உரிய அளவுகோல் என்பது எம் கருத்து.

எனினும், இந்நெறியில் ஒரு வரம்பு உண்டு. பணியைத் தொடங்குமுன் அதன் திட்டத்தை இயக்கத்தின் மேலோரிடம் காட்டி அவர் இசைவைப் பெறுதல் வேண்டும். நூலகம் அமைத்தற்கும், முதியோர்க்கு உதவுதற்கும், ஆற்றங்கரையைத் தூய்மை செய்தற்கும் யாவரும் இசைவர். மேலோர் இசையாத தொண்டும் உலகில் உண்டன்றோ? ஊரின் குறை ஊரை ஆள்வோராலேயே உண்டாயிற்றெனின், அதனை நீக்கப் புகும் சிறுமி எவரிடம் சென்று இசைவு கேட்பாள்? அத்தகைய தொண்டுக்குச் சிறப்பு எப்பொழுது வரும், எவர் கையால் வரும் என்பதே இக்கட்டுரையில் நாம் காணப்புகும் பொருள். அதற்குச் சான்றாக நிற்பவள் வர்ஜீனியா மாநிலத்துப் பார்பரா ரோஸ் ஜான்ஸ் என்னும் நங்கை.

பார்பரா 1935ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் நியூயார்க்கு நகரிலே பிறந்தாள். வளர்ந்தது வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்து நாட்டுப்புறத்தில். அம்மாவட்டத்தின் தலைநகர் பார்ம்வில். அக்காலத்து அம்மாநிலச் சட்டம் வெள்ளையர் மக்கட்கு ஒரு பள்ளியும் கருப்பர் மக்கட்கு வேறொரு பள்ளியும் வகுத்திருந்தது. பிரிவு இருப்பினும் வசதி ஒப்பாக இருப்பின் குற்றமில்லை என 1896ஆம் ஆண்டு அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தமையால், அச்சட்டம் அசைக்க முடியாததாய் நின்றது. ஒப்பு என்னும் சொல் தீர்ப்பில் இருந்ததேயன்றிப் பார்ம்வில்லில் இருந்ததில்லை. கருப்பு மாணவர் பயின்ற மோட்டன் உயர்நிலைப்பள்ளி 1939இல் 180 மாணவர்க்கெனக் கட்டப்பெற்றது. 1951இல் அங்கே பயின்றோர் 450க்கு மேற்பட்டோர். இடம் போதாமையைக் கண்ட ஆட்சிக் குழுவினர் புதிய கட்டடம் எழுப்பாது, தார் பூசிய காகிதம் போர்த்த மரக் கொட்டகைகள் மூன்றனை முற்றத்தில் நிறுவினர். மழை பெய்யின் கூரை ஒழுகும். குளிர்காலத்தில் கணப்படுப்பின் அருகிருந்தார் வெந்து வியர்ப்பர்; தொலைவிலிருந்தார் மேற்சட்டையைக் கழற்றாது நடுங்கியிருப்பர். உடற்பயிற்சிக் கூடமில்லை, உணவுக் கூடமில்லை, அறிவியல் ஆய்வுக் கூடமுமில்லை. இவையெல்லாம் அவ்வூர் வெள்ளையர் பள்ளியில் இருந்தன.

இக்குறையைத் தன் இசையாசிரியையிடம் ஒருநாள் பார்பரா முறையிட்டாள். ஆசிரியை ஆறுதல் ஒன்றும் கூறாமல், நீயே ஏன் ஏதேனும் செய்தல் கூடாது என்று மட்டும் வினவினார். அவ்வினா மாணவிக்கு முதலிற் கசந்தது. பின்னர் நெஞ்சை விட்டு நீங்காதாயிற்று. பிறிதொரு நாள், தம்பி தங்கையரைப் பள்ளி வண்டிக்கு விடுத்துவிட்டு, மறந்துபோன உணவை எடுக்க வீட்டுக்கு ஓடினாள். மீளுமுன் வண்டி சென்றுவிட்டது. சாலையோரத்தில் காத்து நின்றவளைக் கடந்து வெள்ளைப் பிள்ளைகளின் வண்டி சென்றது; அதிற் பாதி இருக்கைகள் வெறிதாயிருந்தன. அன்றிரவே அவள் உள்ளத்தில் திட்டம் உருவாயிற்று என அவர் பிற்காலத்தில் எழுதிவைத்த குறிப்புக்களால் அறிகின்றோம்.

திட்டம் வகுத்த திறத்தைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். தலைமை என்பது யாதென இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. அவள் முதற்கண் ஊரறிய ஒன்றும் பேசினாளில்லை. நம்பத்தகுந்த மாணவர் சிலரை மட்டும் தேர்ந்து, விளையாட்டிடத்துப் படியிருக்கைகளில் மறைவாகக் கூடிப் பேசினாள். மாணவர் மன்றத்தின் தலைமை பூண்டிருந்த கேரி ஸ்டோக்ஸ் என்பாளும் அவள் உடன்பிறந்தான் ஜான் ஸ்டோக்ஸும் அவருள் அடங்குவர். பார்பராவின் தங்கைக்கும் இஃது உரைக்கப்பெற்றிலது. முன்னரே பெற்றோரும் தலைமையாசிரியர் பாய்டு ஜோன்ஸும் பள்ளிக் குழுவினரிடம் பன்முறை முறையிட்டும் பயன் விளையாமையால், இனி மாணவரே எழுதல் வேண்டும் எனவும், ஆசிரியர் இதனை அறியின் அவர் பிழைப்புக்குக் கேடு வருமாதலால் அவர் அறியாதிருத்தலே நன்று எனவும் துணிந்தனர்.

1951ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள். தலைமையாசிரியர்க்கு ஒரு தொலைபேசிச் செய்தி வந்தது: நகரப் பேருந்து நிலையத்தில் மாணவர் சிலர் காவலரிடம் சிக்கியுள்ளனர் என்பது அது. செய்தி பொய், அவரைப் பள்ளியினின்று அகற்றச் செய்த சூழ்ச்சி. அவர் சென்றபின், எல்லா வகுப்பினரும் அவைக்கூடத்தில் கூடுக என்ற சீட்டு, தலைமையாசிரியரே விடுத்தது போல வகுப்புதோறும் சென்றது. மாணவர் யாவரும் வந்து கூடினர். மேடைத் திரை விலகிற்று. அங்கே தலைமையாசிரியர் நிற்கவில்லை. பதினாறு வயதுப் பார்பரா நின்றாள். ஆசிரியரை வெளியே செல்லுமாறு வேண்டினாள். பின்னர்த் தம் பள்ளியின் நிலையை எடுத்துரைத்து, புதிய கட்டடம் கிடைக்கும் வரை எவரும் வகுப்புக்குத் திரும்புதல் வேண்டா என்றாள். இயல்பாகவே அடக்கமும் குறைந்த பேச்சும் உடையவளெனப் பெயர்பெற்றிருந்த அவள் அன்று பேசிய பேச்சைக் கேட்டு அவள் தங்கை அஞ்சி இருக்கையிற் குறுகினாளாம். மாணவர் அனைவரும் வெளியேறினர். அன்று தொடங்கிய வகுப்பு மறுப்பு ஏறக்குறைய இரண்டு வாரம் நீடித்தது.

மாணவர் எழுதிய கடிதம் கண்டு, கருப்பு மக்களின் உரிமைக்காக 1909இல் தோன்றிய தேசியச் சங்கத்தின் வழக்கறிஞராகிய ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்னும் இருவரும் அவ்வூர்க்கு வந்தனர். வகுப்புக்குத் திரும்புங்கள் என அறிவுறுத்தும் நோக்கத்தோடே அவர் வந்தனர். ஆயின் கிரிபின் என்னும் போதகரின் கோயில் நிலவறையிற் கூடிய அச்சிறாருடைய உறுதியைக் கண்டு அவர்தம் எண்ணம் மாறிற்று. எனினும் ஒரு கட்டளை விதித்தனர்: புதிய கட்டடம் மட்டும் கேட்டல் போதாது, பிரிவினையே தகாது என வழக்காடுதல் வேண்டும். கட்டடம் கேட்டு எழுந்த மாணவர்க்கு இஃது எதிர்பாராத பெருஞ்சுமை. பெற்றோர் கூடி ஆய்ந்து இசைந்தனர். மே 23ஆம் நாள் 117 மாணவர் பெயரால் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவ்வரிசையில் முதற்பெயர் டாரதி டேவிஸ் என்னும் பதினான்கு வயதுச் சிறுமியுடையது. ஆதலின் சட்டநூல்களில் அவ்வழக்கு டேவிஸ் வழக்கு எனவே வழங்கும். 1952இல் கீழ்நீதிமன்றத்தில் தோற்ற அவ்வழக்கு, வேறு நான்கு வழக்குகளோடு உச்சநீதிமன்றத்திற் சேர்க்கப்பெற்றது. 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், பொதுப்பள்ளிகளில் நிறம்பற்றிப் பிரித்தல் சட்டத்துக்கு மாறானது என்னும் பெருந்தீர்ப்பு வெளிவந்தது. அவ்வைந்து வழக்குகளுள் மாணவரே எழுந்து தொடங்கியது இஃதொன்றே.

இங்ஙனம் நாட்டுச் சட்டத்தையே மாற்றிய செயலைச் செய்தவட்கு அப்பொழுது கிடைத்த சிறப்பு யாது? ஊரை விட்டு நீங்கல். அச்சுறுத்தல் மிக்கமையால் பெற்றோர் அவளை அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகரில் தேவாலயப் போதகராயிருந்த, தந்தையின் உடன்பிறந்தாராகிய வெர்னான் ஜான்ஸிடம் விடுத்தனர். (அவர் அமர்ந்திருந்த அப்பீடத்திலே 1954இல் மார்ட்டின் லூதர் கிங் அமர்ந்தார் என்பது நினைக்கத்தக்கது.) தலைமையாசிரியர் ஏதும் அறியாதவராயிருந்தும் பதவியை இழந்தார். தீர்ப்பு வந்த பின்னரும் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்தார் பணிந்திலர். 1959இல் இனிக் கலந்து பயிற்றியே ஆக வேண்டும் என ஆணை வந்தபொழுது, பள்ளிகட்குப் பணம் ஒதுக்க மறுத்து, மாவட்டத்துப் பொதுப்பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டனர். வெள்ளைப் பிள்ளைகட்குத் தனிப்பள்ளி எழுந்தது. கருப்புப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பள்ளியின்றி நின்றனர். சிலர் உறவினரைத் தேடிப் பிற மாநிலங்கட்குச் சென்றனர். சிலர் மீண்டும் ஏட்டைத் தொட்டாரில்லை. 1964இல் உச்சநீதிமன்றம் மறுபடியும் தலையிட்ட பின்னரே கதவுகள் திறந்தன.

இவ்விடத்து ஒரு தடை எழுப்புவார் உளர். பொய்ச்செய்தி விடுத்தலும், தலைமையாசிரியர் விடுத்தது போலச் சீட்டனுப்புதலும் மாணவர்க்கு அடாதன அல்லவோ. அவற்றைச் செய்தவளைச் சிறப்பித்தல் பிற மாணவரைக் கெடுக்காதோ என்பது அவர் வினா. கல்லூரி மாணவராகிய நாம் இவ்வினாவை எளிதில் தள்ளுதல் தகாது. அச்சூழ்ச்சி எவரை நோக்கியது என ஆராய்தல் வேண்டும். அது தலைமையாசிரியரை இகழ்ந்து செய்ததன்று. அவர் அங்கிருப்பின் ஒன்றில் மாணவரைத் தடுத்தல் வேண்டும், அன்றேல் அவரோடு சேர்ந்து வாழ்வை இழத்தல் வேண்டும். இவ்விரண்டினின்றும் அவரைக் காத்தற்பொருட்டுச் செய்தது. அதன் பயன் அவள் கருதியவாறு முற்றிலும் அமைந்திலது என்பதையும் மேலே கண்டோம். ஆகலின் அச்செயலைக் குற்றமற்றதெனக் கூறாது, அதனால் வந்த துன்பத்தையும் அவள் தன் தலைமேல் ஏற்றாள் எனக் கூறுவதே நேர்மை. வேண்டுவோர் அவள் பிழையைத் தனியே எழுதி வைக்கட்டும்; 180 பேர்க்குக் கட்டிய இடத்தில் 450 பேரை அடைத்தவர் பிழையையும் அப்பக்கத்திலேயே எழுதுதல் வேண்டும்.

சிறப்புப் பெறுதற்குரியவர் எவர் என ஆய்வோர், செயலை விடுத்துச் செய்தவரின் தோற்றத்தையும் குடியையும் ஆய்வதும் உண்டு. பார்பரா சென்றடைந்த அதே மான்ட்கமரியில், 1955ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள், கிளாடெட் கால்வின் என்னும் பதினைந்து வயது மாணவி பேருந்தில் தன் இருக்கையை வெள்ளையர்க்கு விட்டுக்கொடுக்க மறுத்துச் சிறைப்பட்டாள். ரோசா பார்க்ஸ் அம்மையார் அவ்வாறே மறுத்தது அதற்கு ஒன்பது திங்கள் கழித்து. ஆயினும் அவ்வூர்த் தலைவர்கள், இச்சிறுமி இயக்கத்தின் முகமாக நிற்றற்கு ஏற்றவள் அல்லள் எனக் கருதினர். பேருந்துப் பிரிவினையை ஒழித்த 1956ஆம் ஆண்டு வழக்கில் வழக்காடினாருள் ஒருத்தியாக அவள் நின்றும், அவள் பெயர் நெடுங்காலம் பலர் செவிக்கு எட்டவில்லை. அவர்மீது எழுதப்பட்டிருந்த சிறார் குற்றப்பதிவு நீக்கப்பெற்றது 2021இல். அப்பொழுது அவர்க்கு வயது எண்பத்திரண்டு.

பார்பராவுக்குச் சிறப்பு வந்ததும் இங்ஙனமே காலந்தாழ்த்து வந்தது. அவர் கல்வி முடித்து, பவல் என்னும் போதகரை மணந்து, ஐந்து மக்களைப் பெற்று, பிலடெல்பியா நகரத்துப் பள்ளிகளில் நூலகப் பணி புரிந்து, 1991இல் ஐம்பத்தாறாம் வயதில் இறந்தார். தம் இளமைச் செயலை அவர் எங்கும் எடுத்துப் பறைசாற்றித் திரிந்தாரில்லை. அவர் இறந்த ஏழாண்டு கழித்து மோட்டன் பள்ளிக்கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. 2001இல் அது காட்சிச்சாலையாகத் திறக்கப்பெற்றது. 2008இல் ரிச்மண்டு நகரில் மாநில அரசமனை முற்றத்தில் எழுந்த உரிமைப்போர் நினைவுச்சின்னத்தில் அவரும் அவர்தம் பள்ளித் துணைவரும் வெண்கல உருப்பெற்றனர். 2017இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் அமைந்த மாளிகைக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. ஒருகாலத்தில் இவ்வழக்கை எதிர்த்து நின்று பிரிவினைக்காக வாதாடியதும் அதே பதவியினர் அலுவலகமே என்பதை நினைப்போர்க்கு இப்பெயர்சூட்டலின் பொருள் விளங்கும்.

வாஷிங்டன் நகரத்து நாட்டுச் சட்டமன்ற மாளிகையில் ஒவ்வொரு மாநிலத்தார்க்கும் இரண்டு சிலை நிறுவ உரிமையுண்டு. வர்ஜீனியர் தம் பங்காக 1909இல் அளித்தவை ஜார்ஜ் வாஷிங்டன் சிலையும், அடிமை முறையைக் காத்தற்கு எழுந்த தென்மாநிலப் படையின் தலைவர் ராபர்ட் லீயின் சிலையுமாம். 2020ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் லீயின் சிலை நீக்கப்பெற்றது. அவர்க்கு மாறாக எவரை வைப்பது என ஆராய்ந்த குழுவினர் பார்பராவைத் தேர்ந்தனர். ஸ்டீவன் வெயிட்ஸ்மன் என்னும் சிற்பி வடித்த அவ்வுருவம் 2025 டிசம்பரில் திறந்துவைக்கப்பெற்றது. மேசையருகே நின்று, கிழிந்து நைந்த புத்தகம் ஒன்றைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடிக்கும் பள்ளி மாணவியின் உருவம் அது.

தமிழிலக்கணம் பயில்வோர்க்கு இவ்விடத்துத் தொல்காப்பியப் புறத்திணையியல் நினைவிற்கு வாராதிராது. நடுகற்குரிய துறைகளை ஆசிரியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறாக வகுத்தார். முதற்கண் நிற்பது காட்சி. தக்க கல்லைக் காண்டல். இளங்கோவடிகளும் அரசவையில் வழக்குரைத்து வென்ற ஓர் இளமகட்குக் கல்லெடுத்த வரலாற்றை அத்துறைகளின் பெயரானே காதைகளாக வகுத்து வஞ்சிக் காண்டத்திற் பாடினார். இத்துறைகளுள் மிகப் பெரிய பொழுதை விழுங்குவது கல்லைச் சுமந்து வருதலோ நடுதலோ அன்று, காட்சியே என்பது எம் எண்ணம். மோட்டன் பள்ளி மாணவியைக் கண்ணெதிரே கண்டும் காணாதிருந்த நாட்டுக்கு, அவளைக் காண எழுபது ஆண்டு சென்றது. கண்டபின் வெண்கலம் வார்த்தற்கு ஐந்தாண்டே போதியதாயிற்று.

மேலும் ஒன்று. சிலை ஒருவரைத்தான் தாங்கும். அன்று அவைக்கூடத்தினின்று வெளியேறியவர் நானூற்றுக்கு மேற்பட்டோர். வழக்கிற் பெயர் கொடுத்தவர் 117 பேர். அவ்வழக்கின் விளைவாகப் பள்ளியை இழந்து வளர்ந்தவர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். தலைவியைப் போற்றுங்கால் இவரை மறத்தல் எளிது. இவ்வகையில் வர்ஜீனியர் செய்த பிறிதொரு சிறப்பே எமக்குச் சிலையினும் பெரிதாகத் தோன்றுகின்றது. அதனைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 1959 முதல் 1964 வரை பள்ளி மூடப்பட்டமையாற் கல்வி இழந்தோர்க்கென அம்மாநிலச் சட்டமன்றம் 2004இல் உதவிநிதி ஒன்றை ஏற்படுத்திற்று. அதன் துணையால், ஏழு வயதிலும் பத்து வயதிலும் பள்ளிக் கதவு அடைபடக் கண்டவர்கள், நரை திரை எய்தி ஐம்பது கடந்த பருவத்திலே, விட்ட பாடத்தைத் தொடர்ந்து படிக்க மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தனர்.